சாய்வண்டியும் அதன் சங்கிலியும்



யாழ்ப்பாணத்து வீடுகளின் முன்விறாந்தையிற் சாய்மனைக் கதிரையொன்று கிடப்பதை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். பகலுணவின் பின் பெரியவர்கள் அதிற் சாய்ந்து பத்திரிகை வாசிப்பர்; சிறிது நேரத்திற் பத்திரிகை முகத்தை மூடியிருக்கும். அந்தக் கதிரையின் முன்னும் பின்னும் ஒவ்வொரு சில்லைப் பூட்டி, கால் நீட்டும் இடத்தில் இரண்டு மிதிகளையும் வைத்து, அதிற் சாய்ந்தவாறே ஒருவர் தெருவில் விரைந்து செல்வதாகக் கற்பனை செய்து பாருங்கள். நெதர்லாந்து நாட்டில் இது கற்பனையன்று. அங்கு இத்தகைய துவிச்சக்கர வண்டிகளைத் தெருவிற் காணலாம். அந்நாட்டு மொழியில் அதற்கு 'லிக்பீற்ஸ்' என்று பெயர். படுத்து ஓட்டும் சைக்கிள் என்பது அதன் பொருள். இப்பேச்சில் அதனைச் சாய்வண்டி என்று வழங்கப் போகின்றேன்.

எனினும் நான் இன்று பேச வந்தது வண்டியைப் பற்றியன்று. அதன் சங்கிலியைப் பற்றி. பழைய சங்கிலி தேய்ந்துபோனால் அதற்குப் பதிலாக எதனை வாங்குவது, எவ்வளவு வாங்குவது, எப்போது வாங்குவது என்பவையே பொருள். சங்கிலியைப் பற்றி இவ்வளவு நேரம் பேசுவதற்கு என்ன இருக்கின்றது என்று நீங்கள் எண்ணலாம். நானும் அவ்வாறு எண்ணியவனே. சில காலத்துக்கு முன், என் தமையனாரின் மகன் வீட்டிற் சில வாரம் தங்கியிருந்தபோது, சங்கிலி விடயத்தில் நான் கூறிய ஓர் ஆலோசனையால் அந்தப் பிள்ளை பாலமொன்றின் ஏற்றத்தில் விழப் பார்த்தான். அதன் பின்பே இவ்விடயத்தைக் கவனமாகப் படித்தேன்.

சாய்வண்டி புதியதோர் வேடிக்கையன்று. பிரான்ஸ் நாட்டவரான சார்ள்ஸ் மோஷே என்பவர் 1930களிற் செய்த சாய்வண்டியில், பிரான்சிஸ் போர் என்ற ஓட்டவீரர் 1933 ஜூலை 7ஆம் தேதி பாரிஸ் நகரத்து ஓட்டக்களத்தில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீற்றர் ஓடினார். அதற்கு முன்னிருந்த சாதனை ஒஸ்கார் எக் என்பவர் 1914இல் ஏற்படுத்திய 44.247 கிலோமீற்றர். பத்தொன்பது ஆண்டு நிலைத்த சாதனை முறிந்தது. முறித்தவரோ முதல்வரிசை வீரர் அல்லர். ஆகவே வெற்றி வண்டியினுடையதே என்று பலரும் கருதினர். அடுத்த ஆண்டே சர்வதேசச் சைக்கிள் சங்கம் இத்தகைய வண்டிகளைப் போட்டிக்குரியனவல்ல என்று விலக்கிவிட்டது. அவ்விலக்கு வராதிருந்தால், நாம் இன்று ஏறி ஓடும் வண்டியின் உருவமே வேறாக இருந்திருக்கக்கூடும். காற்று உடலில் மோதுவது குறைவு என்பதுதான் அதன் வேகத்தின் இரகசியம்.

என் பெறாமகன் வேகத்துக்காக அதனை வாங்கியவன் அல்லன். முதுகுவலி. நிமிர்ந்திருக்கும் வண்டியில் அரைமணி நேரம் ஓடினால் இரவு நித்திரை வராது. சாய்வண்டி முதுகு முழுவதையும் தாங்குகின்றது. அவன் வசிப்பது வால் நதியின் வடகரையிலுள்ள லென்ற் என்னும் இடம். வேலை செய்வது தென்கரையிலுள்ள நைமேகன் நகரில். நதியைக் கடப்பதற்குப் புகையிரதப் பாலத்தின் பக்கத்தில், சைக்கிள்களுக்கென்றே 2004இல் திறக்கப்பட்ட பாலமொன்று இருக்கின்றது. 'ஸ்னெல்பின்டர்' என்பது அதன் பெயர். சைக்கிளின் பின் கரியரிற் பொதிகளை இறுக்கிக் கட்டும் இரப்பர்ப் பட்டிக்கு அந்நாட்டார் இடும் பெயரையே பாலத்துக்கும் இட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியை அறியாதவர் நம்மவரிலும் இல்லை.

இனிச் சங்கிலிக்கு வருவோம். சாதாரண வண்டியில் மிதிகள் ஓட்டுபவரின் காலின் கீழே, பின்சில்லுக்கு அண்மையில் இருக்கின்றன. சாய்வண்டியிலோ மிதிகள் முன்சில்லுக்கும் முன்னே, நீண்டதொரு தண்டின் நுனியில் இருக்கின்றன. அங்கிருந்து ஆசனத்தின் கீழாகப் பின்சில்லு வரை விசை செல்லவேண்டும். ஆகவே சங்கிலி மிக நீளமானது. நேர்கோட்டிற் செல்லவும் அதற்கு இடமில்லை. முன்சில்லையும் ஆசனத்தையும் விலக்கிச் செல்வதற்காகக் கப்பியொன்றின் மேலோ கீழோ திரும்புகின்றது. சில இடங்களில் அழுக்கும் எண்ணெயும் உடுப்பிற் படாதபடி பிளாஸ்ரிக் குழாயினுள்ளே ஓடுகின்றது. கியர் உள்ள சாதாரண வண்டிக்குக் கடையில் விற்கும் பெட்டிச் சங்கிலியிற் பெரும்பாலும் 114 அல்லது 116 கண்ணிகள் இருக்கும். நீளம் ஏறக்குறைய ஒன்றரை மீற்றர். என் பெறாமகனின் வண்டிக்கு வேண்டியவை 330 கண்ணிகள். அது நான்கு மீற்றருக்கும் அதிகம். ஆகவே ஒரு பெட்டி போதாது, இரண்டும் போதா, மூன்று வேண்டும். பிழைக்கு வித்து இங்கேதான் இருந்தது.

சைக்கிள் சங்கிலியின் ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீற்றர். இன்று கடையில் விற்கும் சைக்கிள்களில், ஒற்றைக் கியர் வண்டியாயினும் பன்னிரண்டு கியர் வண்டியாயினும், இந்த அளவே வழக்கு. உருளைச் சங்கிலியை இன்றைய வடிவுக்குக் கொணர்ந்தவர் ஹான்ஸ் றெனோல்ட் என்ற சுவிற்சர்லாந்துக்காரர். இவர் இங்கிலாந்துக்கு வந்து, நெசவாலை இயந்திரங்களுக்குச் சங்கிலி செய்யும் சிறு தொழிற்சாலையொன்றை 1879இல் வாங்கினார். மறு ஆண்டிலேயே தமது புதிய சங்கிலியை வெளியிட்டார். முன்னைய சங்கிலிகளில் மெல்லிய தகட்டின் விளிம்பு ஆணியை அறுத்துக்கொண்டே இருந்தது. றெனோல்ட் ஆணியைச் சுற்றி ஒரு சிறு குழலையும், குழலைச் சுற்றி ஓர் உருளையையும் வைத்தார். பாரம் ஒரு விளிம்பில் விழாமல் அகன்ற பரப்பில் விழுந்தது. தேய்வு குறைந்தது, ஆயினும் ஒழியவில்லை.

சங்கிலி 'இழுபட்டுப் போயிற்று' என்று நாம் சொல்வது வழக்கம். உண்மையில் தகடுகள் இழுபடுவதில்லை. ஆணிகளும் அவை சுழலும் துவாரங்களும் உட்புறத்தில் தேய்கின்றன. ஒவ்வொரு ஆணியிலும் ஏற்படும் இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நூறு கண்ணிகளின் தேய்வு ஒன்று சேர்ந்தால் அளவுகோலுக்குத் தெரியும். தேய்ந்த கண்ணி நீண்டுவிடுவதால், அது பற்சக்கரத்தின் பல்லில் அமரவேண்டிய இடத்தில் அமராமற் சற்று மேலேறி அமரும். பல் அந்த நீளத்துக்கேற்பத் தேயும். காலப்போக்கிற் பழைய சங்கிலியும் தேய்ந்த பல்லும் ஒன்றுக்கொன்று இசைந்துபோகும். நெடுநாட் குடும்பம் நடத்திய கணவன் மனைவி போல என்றும் சொல்லலாம். வெளியார் ஒருவர் நடுவில் வரும்போதுதான் குழப்பம்.

இப்பொழுது என் ஆலோசனையைச் சொல்கிறேன். 1990இன் பின் வடபகுதிக்கு எரிபொருள் வராதிருந்த ஆண்டுகளை அனுபவித்தவர்களுக்கு, துவிச்சக்கர வண்டி எத்துணை பெரிய செல்வமாயிருந்தது என்று நான் சொல்லவேண்டியதில்லை. நோயாளியும் அதிலேயே போனார். விறகு மூட்டையும் அதிலேயே போயிற்று. மின்சாரமில்லாத வீடுகளில் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலி கேட்டோம். ஓடாது நின்ற வண்டியின் சங்கிலியும் அந்நாளிலே தேய்ந்துகொண்டிருந்தது! புதுச் சங்கிலி வாங்குவது என் போன்றவர்களுக்கு இலேசான காரியமாயிருக்கவில்லை. சங்கிலி தொய்ந்தால் இரண்டு கண்ணிகளைக் கழற்றிவிட்டு, பின்சில்லைச் சற்றே முன்பின் நகர்த்திப் பூட்டுவோம். கழற்றிய துண்டுகளையும் எறியமாட்டோம். ஒரு பால்மா ரின்னுக்குள் அவை இருக்கும். வேறொருவரின் சங்கிலி அறுந்தால் அதிலிருந்து எடுத்துப் பொருத்துவோம். அந்தப் பழக்கம் என்னை விட்டு இன்னும் போகவில்லை.

நான் அங்கிருந்தபோது, பெறாமகனின் சங்கிலி கடகடவென்று சத்தமிடத் தொடங்கியிருந்தது. அவன் புதிய சங்கிலி வாங்கப் புறப்பட்டான்.

"மூன்று பெட்டி வேணும் சித்தப்பா. மூன்றாவது பெட்டியில ஒரு பகுதி மிச்சமாய்ப் போகும்," என்றான்.

"ஏன் தம்பி வீண்செலவு? இரண்டு பெட்டியை வாங்கு. மிச்சத்துக்குப் பழைய சங்கிலியில நல்லாயிருக்கிற துண்டைப் பொருத்தினாற் போச்சு," என்றேன் நான்.

பெரியவர் சொல்லைத் தட்டாத பிள்ளை. இரண்டு பெட்டிகளிலிருந்தும் 228 கண்ணிகள், பழைய சங்கிலியிலிருந்து 102 கண்ணிகள், ஆக 330. பார்வைக்குப் பழைய துண்டு குற்றமற்றதாகவே இருந்தது. எண்ணெய் துடைத்தவுடன் பளபளத்தது. மிச்சம் பிடித்த காசை எண்ணி எனக்கு உள்ளூர மகிழ்ச்சியும் உண்டாயிற்று.

மறுநாட் காலையில் அவன் பாலத்துக்கு ஏறும்போது சங்கிலி துள்ளியது. சாய்வண்டியில் முதுகை ஆசனத்தில் ஊன்றிக்கொண்டு காலால் உதைப்பதால், மிதியின் மேல் விழும் விசை பெரிது. அந்த விசையோடு கால் முன்னே போகையிற் சங்கிலி திடீரென ஒரு பல் தாண்டினால், படியில்லாத இடத்திற் படியென்று காலை வைத்தவனின் நிலையே. ஏற்றத்தில் வண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் மாணவர் கூட்டம். வண்டி ஒரு பக்கம் சரிய, கைப்பிடி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். உடம்பிற் காயமில்லை. அன்று மாலை அவன் எனக்கு ஒரு குற்றமும் சொல்லவில்லை. அதுவே எனக்கு அதிகம் வருத்தமாயிருந்தது.

ஆனால் அவன் ஒரு விடயத்தைக் கவனித்திருந்தான். துள்ளல் இடைவிடாது வரவில்லை. நாலைந்து சுற்று மிதிக்கும் வரை துள்ளும், பின் இரண்டு சுற்று அமைதியாக ஓடும், மறுபடியும் துள்ளும். அதுவும் அவன் நாள்தோறும் பாவிக்கும் இரண்டு மூன்று கியர்களில் மட்டும். மற்றவற்றில் ஒரு சத்தமும் இல்லை. நான் கணித ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த எண்ணிக்கையைக் கேட்டதும் ஒரு கடதாசியை எடுத்தேன். முன்பற்சக்கரத்தில் 50 பற்கள். ஒரு சுற்று மிதித்தால் 50 கண்ணிகள் கடக்கும். 228 கண்ணிகள் கடக்க நாலரைச் சுற்றுக்குச் சற்று மேல். 102 கண்ணிகள் கடக்க இரண்டு சுற்று. துள்ளியது புதுச் சங்கிலி; ஒழுங்காக ஓடியது பழைய துண்டு!

முதலில் இது தலைகீழாகத் தோன்றியது. பழையதுதானே பழுதாக இருக்கவேண்டும்? பின்பற்சக்கரங்களைக் கழுவிப் பார்த்தபோது விளங்கிற்று. அடிக்கடி பாவித்த சக்கரங்களின் பற்கள் பழைய சங்கிலியின் நீண்ட அளவுக்கேற்பத் தேய்ந்து, ஒரு பக்கம் கொக்கிபோல வளைந்திருந்தன. பழைய கண்ணிகள் அங்கே பழக்கப்பட்டவை. புதிய கண்ணிகளுக்கோ அந்தப் பற்களிற் சரியான இடமில்லை; பாரம் கூடியதும் மேலேறித் தாண்டின. பாவியாத சக்கரங்களிற் பற்கள் தேயாதிருந்தபடியால் அங்கே துள்ளல் இல்லை.

பழைய துண்டை மேசைமேல் நீட்டி இழுத்துப் பிடித்து அளந்தோம். நூறு கண்ணிகளின் நீளம், ஆணியின் மையத்திலிருந்து ஆணியின் மையம் வரை, புதிதாயிருக்கையில் 1,270 மில்லிமீற்றர். எங்கள் அளவுகோல் காட்டியது 1,281. இதனை எவரும் வீட்டிலே செய்து பார்க்கலாம். சாதாரண வண்டியில் அவ்வளவு நீளம் அளக்க வசதியில்லை. ஆகையால் 24 கண்ணிகளை உருக்கு அடிமட்டத்தால் அளப்பது வழக்கம். புதியதானால் சரியாக ஓர் அடி. அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடிவிட்டால் சங்கிலியை மாற்றும் காலம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு கூடிவிட்டாற் பற்சக்கரங்களும் கெட்டுப்போயிருக்கும் என்று வைத்துக்கொள்ளவேண்டியதுதான். அந்த நிலையில் நூறு கண்ணிகள் நூற்றொரு கண்ணியின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. நாங்கள் அந்த எல்லைக்கு மிக அருகில் நின்றோம்.

அப்படியானால் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒட்டுவேலை எப்படிப் பலித்தது என்று கேட்பீர்கள். என்னையே நான் கேட்டுக்கொண்ட கேள்வி அது. அந்த வண்டிகளில் ஒற்றைப் பற்சக்கரம்; பற்கள் தடித்தவை. சங்கிலி அச்சக்கரத்தை ஏறக்குறையப் பாதியளவுக்குச் சுற்றிப் பிடித்திருந்தது. எல்லாவற்றினும் முக்கியம், இரண்டு சக்கரங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை நட்டுப் போட்டு இறுக்கியிருந்தோம். பல்லின் மேல் ஏறித் தாண்டுவதற்குச் சங்கிலிக்குத் தொய்வே கிடைக்கவில்லை. கியர் வண்டியில் வில்லொன்றால் இழுபடும் சிறு கை சங்கிலியின் தொய்வைத் தாங்குகின்றது. கண்ணி மேலேற முயன்றால் அந்தக் கை இடங்கொடுத்துவிடும். எங்கள் சிக்கனம் அந்த வண்டிக்குச் சரியானது. வண்டி மாறியதை நான் கவனிக்கவில்லை.

மூன்று பெட்டிகளின் விலையும் நான் பயந்த அளவுக்குப் பெரிய நட்டமன்று. சாதாரண வண்டியின் 114 கண்ணிகள் ஒரு தூரத்தில் மூன்று முறை சுற்றிவரும்போது, சாய்வண்டியின் 330 கண்ணிகள் ஏறக்குறைய ஒரு முறையே சுற்றுகின்றன. வளைந்து நிமிர்வதாலேயே ஆணி தேய்கின்றது. கண்ணியொன்று மூன்றிலொரு பங்கு முறையே வளைந்தால் ஏறத்தாழ மூன்று மடங்கு காலம் இருக்கும். கப்பிகளின் மேல் வளைவதற்குச் சிறிது கழித்துக்கொள்ளலாம். ஆகவே மூன்று பெட்டி வாங்கியவன், மூன்று முறைக்குரிய சங்கிலியை ஒரே தடவையில் வாங்குகிறான் என்பதே கணக்கு. இதில் ஓர் அபாயமும் உண்டு. சங்கிலி நெடுங்காலம் இருப்பதால் அதனை அளக்கும் எண்ணமே மறந்துபோகின்றது. பெறாமகனுக்கு நேர்ந்தது அதுவே. பின்பற்சக்கரத்துக்கு இந்தச் சலுகையும் இல்லை. அதன் பற்கள் வழமைபோலவே உழைக்கின்றன.

வாங்கும்போது முதலிற் பார்க்கவேண்டியது அகலம். பின்னால் எத்தனை பற்சக்கரங்கள் இருக்கின்றன என்பதே அதனைத் தீர்மானிக்கும். எட்டு வரை உள்ள வண்டிகளுக்குச் சங்கிலியின் வெளியகலம் 7 மில்லிமீற்றருக்குச் சற்று அதிகம், ஒன்பதுக்கு 6.6 அளவில், பத்துக்கு 6 அளவில், பதினொன்றுக்கு ஐந்தரை. ஒற்றைச் சக்கர வண்டிகளுக்குப் பெரும்பாலும் உள்ளகலமே வேறு. அங்குலத்தில் எட்டிலொரு பங்கு. கண்ணி நீளம் எல்லாவற்றுக்கும் ஒன்றாயிருப்பதால், அகலத்தைப் பாராமல் வாங்கி ஏமாறுவது மிக எளிது. மூன்று பெட்டிகளும் ஒரே உற்பத்தியாளரின் ஒரே இனமாக இருப்பது நல்லது. இணைப்புக் கண்ணிகளும் அந்த அகலத்துக்கே உரியவையாக இருக்கவேண்டும். சங்கிலி வளையமாகப் பூட்டப்படுவதால் மூன்று துண்டுக்கு மூன்று இணைப்பு வேண்டும், இரண்டென்று எண்ணிவிடக்கூடாது. பழைய காலத்தைப்போல ஆணியைப் பாதி தள்ளி மீண்டும் அதனையே அடித்து இறுக்கும் முறை இன்றைய மெல்லிய சங்கிலிகளுக்கு ஒவ்வாது. அவற்றின் ஆணி நுனிகள் தொழிற்சாலையில் அமுக்கி விரிக்கப்பட்டவை. ஒருமுறை தள்ளினால் அந்தப் பிடி போய்விடும்.

துளையிட்ட தகடு, துளையுள்ள ஆணி, பொன்னிறப் பூச்சு என்று விலை ஏறிக்கொண்டே போகும் வகைகளும் கடையில் இருக்கின்றன. நான்கு மீற்றர் சங்கிலி பூட்டிய வண்டியில் சில கிராம் பாரம் குறைப்பதற்குக் காசு கொடுப்பது என் மனத்துக்கு ஒப்பவில்லை. துருப்பிடியாத பூச்சு மட்டும் அந்த நாட்டு மழைக்கும், பனிக்காலத்திற் தெருவில் தூவும் உப்புக்கும் பயனுள்ளது. ஆணியின் தேய்வைத் தகட்டின் மேற்பூச்சுத் தடுப்பதில்லை.

நீளத்தை எப்படிக் கணிப்பது? பழைய சங்கிலியைத் தரையிற் போட்டு, பக்கத்தில் புதியதை வைத்து வெட்டுவது நம் வழக்கம். 114 கண்ணிகளில் அதனால் வரும் வித்தியாசம் ஒரு கண்ணிக்கும் குறைவு. 330 கண்ணிகளிலோ, எங்கள் சங்கிலி தேய்ந்திருந்த அளவுக்கு, வித்தியாசம் 36 மில்லிமீற்றர். ஏறக்குறைய மூன்று கண்ணி. இவ்வாறு ஒவ்வொரு தடவையும் வெட்டினாற் சங்கிலி தலைமுறைக்குத் தலைமுறை நீண்டுகொண்டே போகும். ஆகவே அளக்கக்கூடாது, எண்ணவேண்டும். பத்துப் பத்தாக எண்ணி நூலாற் கட்டிக்கொண்டு, இருவர் தனித்தனியே எண்ணினோம். எனக்கு 328, அவனுக்கு 330. மூன்றாம் முறை இருவருக்கும் 330.

வெட்டுமுன் இன்னொன்றும் பார்க்கவேண்டும். மிதிகள் பூட்டிய முன்தண்டை ஓட்டுபவரின் கால் நீளத்துக்கேற்ப முன்னும் பின்னும் நகர்த்தலாம். தண்டு ஒரு சென்ரிமீற்றர் முன்னே போனால், மேலோட்டம் கீழோட்டம் இரண்டுக்குமாகச் சங்கிலி இரண்டு சென்ரிமீற்றர் கூடுதலாக வேண்டும். தண்டின் இடத்தை உறுதிசெய்யாமல் வெட்டியவன் மறுபடி கடைக்குப் போகவேண்டியதுதான். பூட்டியபின், பின்பக்கத்துப் பெரிய சக்கரத்திற் சங்கிலியை ஏற்றி, வில்லுக்கை முற்றாக நீண்டு விறைக்கவில்லை என்றும், சிறிய சக்கரத்தில் இறக்கி, கீழே தொய்ந்து தொங்கவில்லை என்றும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

நாங்கள் மூன்றாவது பெட்டியையும், கூடவே பின்பற்சக்கரத் தொகுதியையும் வாங்கினோம். நான் மிச்சம் பிடித்த காசைப்போலப் பல மடங்கு அந்தத் தொகுதிக்குப் போயிற்று. ஆனால் நேர்மையாகச் சொல்வதானால், அந்தச் சக்கரங்கள் என் ஆலோசனைக்கு முன்னமே கெட்டுவிட்டவை. மூன்று பெட்டி வாங்கியிருந்தாலும் சங்கிலி துள்ளியேயிருக்கும். பழைய துண்டைச் சேர்த்ததால் நேர்ந்தது, நோய் இடைக்கிடை மறைந்து ஆளை ஏமாற்றியது. தொடர்ந்து துள்ளியிருந்தால் அவன் வீட்டு வாசலிலேயே நிறுத்தியிருப்பான். பாலம் வரை போயிருக்கமாட்டான்.

குழாய்களினூடே புதிய சங்கிலியைக் கோப்பது எப்படி என்று எனக்குக் கவலையாயிருந்தது. பெறாமகனின் மனைவி அதனைத் தீர்த்துவைத்தாள். பாவாடைக்கு நாடா மாற்றும்போது பழைய நாடாவின் நுனியிற் புதியதைத் தைத்து இழுப்பதில்லையா? அதுபோலப் பூட்டியிருந்த சங்கிலியின் ஒரு முனையிற் புதிய சங்கிலியின் முனையை இணைத்து மறுமுனையை இழுத்தோம். கப்பியின் மேலா கீழா என்ற சந்தேகமே எழவில்லை. பழையது சென்ற வழியே புதியதும் சென்றது. கப்பியின் பற்களையும் அப்போதே பார்த்தோம். அவை நன்றாகவே இருந்தன. கையாற் சுழற்றியபோது கரகரப்பும் இல்லை.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரிற் சங்கிலிக்குத் தேங்காயெண்ணெய் விட்டவர்களையும் கண்டிருக்கிறேன். அது ஏறக்குறைய 24 பாகை வெப்பத்துக்குக் கீழே உறைந்துவிடும். நெதர்லாந்தில் ஆண்டின் பெரும்பகுதி அது கட்டியாகவே கிடக்கும். மெல்லிய எண்ணெயை உருளைக்கு ஒரு துளியாக விட்டு, சிறிது நேரஞ்சென்று, வெளியே உள்ளதைப் பழந்துணியால் முற்றாகத் துடைத்துவிடவேண்டும். எண்ணெய் வேலை செய்வது உள்ளே. வெளியே நிற்பது மண்ணைச் சேர்ப்பதற்கே. 330 துளி விட்டு முடிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது பிடித்தது. தண்டனை என்று எண்ணிக்கொண்டு செய்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவன் சாய்வண்டியிலும், நான் இரவல் வாங்கிய சாதாரண வண்டியிலுமாகப் பாலத்துக்குப் போனோம். ஏற்றத்தில் அவன் முன்னே போனான். நான் பின்னாலிருந்து அவன் மிதியின் சுற்றுக்களை எண்ணிக்கொண்டே போனேன். ஏழு, எட்டு, ஒன்பது. அதற்கு மேல் எனக்கு மூச்சு வாங்கியதால் எண்ணிக்கையை விட்டுவிட்டேன். மூன்றாம் பெட்டியில் மிஞ்சிய 12 கண்ணிகளை அவன் ஒரு சிறு ரின்னில் இட்டு, வண்டியின் பைக்குள் வைத்திருக்கிறான். வழியிற் கண்ணி அறுந்தால் பொருத்துவதற்கு. தேய்ந்த அந்த 102 கண்ணிகளையும் எறிந்துவிட்டானா என்று நான் கேட்கவில்லை. அவற்றிற் சில என் பெட்டியிலே என்னோடு ஊருக்கு வந்துவிட்டன.